இருமல் நின்றதும் நிம்மதி வேண்டாம்

வாசகர் கேள்விகள்: பதில் தருபவர், பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. எட்டு வருடமாகப் பார்க்கின்சன் நோய். போன வருடம் வரை தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறி இருமுவார். இப்போது அந்த இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. ஒரு வேளை சாப்பிட ஒரு மணி நேரம் ஆகிறது. சில மாதத்துக்குள் இரண்டு முறை சளியும் காய்ச்சலும் வந்துவிட்டன. தண்ணீரில் கெட்டியாக்கும் பவுடர் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளிவிடுகிறார். நடப்பதற்குப் பயிற்சி கொடுக்கிறார்களே, விழுங்குவதற்கும் அப்படி ஏதாவது உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உண்டம்மா, நல்ல பயிற்சிகளே உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி, இருமல் குறைந்துவிட்டது என்பதுதான். முதலில் அதைப் பேசிவிடலாம்.

தண்ணீர் தவறிப்போய் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கினால் உடம்பு உடனே இருமி வெளியே தள்ள வேண்டும். பார்க்கின்சன் நோயில் தொண்டையின் உணர்ச்சி மங்குகிறது, இருமலின் வேகமும் குறைகிறது. அதனால் தண்ணீர் உள்ளே போனாலும் சத்தமே வராது. விழுங்குவதை வீடியோ எக்ஸ்ரேயில் பார்க்கும்போது இது எனக்கு நேராகத் தெரியும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் என்ற பொருள் கலந்த தண்ணீரை நோயாளி ஒரு வாய் குடிப்பார். திரையில் ஒரு கறுப்புக் கோடு குரல் நாண்களைத் தாண்டி நுரையீரல் பக்கம் இறங்கும். அவர் முகத்தில் சின்ன மாற்றம்கூட இருக்காது. 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'நன்றாகத்தான் போனது' என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. பார்க்கின்சன் உள்ளவர்களிடம் வாய்விட்டுக் கேட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் விழுங்கக் கஷ்டம் என்கிறார். கருவி வைத்துச் சோதித்தால் ஐந்தில் நான்கு பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு தெரிகிறது. எடை குறைவது, சாப்பாடு இழுப்பது, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளியோடு காய்ச்சல் வருவது மூன்றும் உங்கள் அப்பாவுக்குச் சேர்ந்தே இருக்கின்றன. இந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று, உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா. அதனால் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, 'விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும்' என்று கேளுங்கள். மறுபடி காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பரிசோதனை இரண்டு விதம். ஒன்று நான் மேலே சொன்ன வீடியோ எக்ஸ்ரே. மற்றது மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, சாப்பிடும்போதே தொண்டையைப் பார்ப்பது. எது கிடைத்தாலும் சரி, பார்த்த பிறகுதான் பயிற்சியை முடிவு செய்ய வேண்டும். எங்கே தடங்கல் என்று தெரியாமல் கொடுக்கும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதுவரை, அப்பா சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கவனியுங்கள். வாய்க்குள் உணவு முன்னும் பின்னுமாக உருண்டுகொண்டே இருக்கிறதா? நாக்கின் பின்பகுதி சரியாக இறங்கி வழிவிடாததால் நாக்கு மறுபடி மறுபடி ஆடும், கவளம் தொண்டைக்குப் போகாது. உங்கள் ஒரு மணி நேரம் பெரும்பாலும் இங்கேதான் செலவாகிறது என்று நினைக்கிறேன். விழுங்கி முடித்ததும் 'ஆ' என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாக, கொளகொளவென்று வந்தால் குரல் நாண்களின் மேல் ஏதோ தேங்கி நிற்கிறது என்று பொருள். தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு முறை விழுங்கச் சொல்லுங்கள். கவனித்ததை எழுதி வைத்து எங்களிடம் காட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி பயிற்சி. நாம் விழுங்குவதை யோசித்துச் செய்வதில்லை, அது தானாக நடக்கிறது. தானாக நடக்கும் அசைவுகளைத்தான் பார்க்கின்சன் முதலில் கெடுக்கிறது. மனம் வைத்துச் செய்யும் அசைவுகள் அந்த அளவுக்குக் கெடுவதில்லை. கால் தரையோடு ஒட்டி நின்றுவிட்டவர், தரையில் கோடு போட்டால் அதைத் தாண்டி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விழுங்குவதிலும் அதே வழிதான். 'வாயை மூடுங்கள், நாக்கை மேலண்ணத்தில் அழுத்துங்கள், இப்போது பலமாக விழுங்குங்கள்' என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிப் பழக்குகிறோம். கவளம் போன பிறகு வெறும் வாயோடு இன்னொரு முறை விழுங்க வேண்டும், தொண்டையில் தங்கியது அதில் கீழே போகும். தன் தொண்டையையே திரையில் காட்டிவிட்டால் பலர் இன்னும் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் முடிந்தால் அந்த வீடியோவை அப்பாவுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

நான் அதிகம் நம்புவது ஊதும் பயிற்சியை. கையடக்கமான ஒரு கருவி, உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் ஊதினால்தான் அது திறக்கும். ஐந்து ஐந்தாக ஐந்து சுற்று, ஆக ஒரு நாளைக்கு 25 ஊதல், வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம். 2010-ல் வெளியான ஒரு ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகள் 60 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான கருவியையும், மீதிப் பேருக்கு ஸ்பிரிங் இல்லாத போலிக் கருவியையும் கொடுத்தார்கள். உண்மையான கருவியில் ஊதியவர்களுக்கு விழுங்குவது பாதுகாப்பானதாக மாறியது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. ஊதும்போது மூச்சை வெளியேற்றும் தசைகள் மட்டுமல்ல, குரல்வளையை மேலே தூக்கும் தசைகளும் வேலை செய்கின்றன. எவ்வளவு அழுத்தம் வைப்பது என்பதை அளந்து பார்த்து நாங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டுப்படாத ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கருவியை வாங்கி வைத்தால் போதாது, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அப்புறம் அந்தப் பவுடர். கெட்டியான நீர் மெதுவாக இறங்கும், அதனால் தப்பான வழியில் போவது குறையும். அது உண்மைதான். பார்க்கின்சனோ மறதி நோயோ உள்ள 711 பேரை வைத்து நடந்த, 2008-ல் வெளியான பெரிய ஆய்வில் மிகக் கெட்டியான நீர்தான் எக்ஸ்ரே அறையில் அதிகம் தடுத்தது. ஆனால் அவர்களில் பலரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தபோது, கெட்டியாகக் குடித்தவர்களுக்கும் தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்திச் சாதாரண நீர் குடித்தவர்களுக்கும் நிமோனியா வந்ததில் தெளிவான வித்தியாசம் இல்லை. நீர்ச்சத்துக் குறைவு கெட்டியாகக் குடித்தவர்களிடம்தான் அதிகம். உங்கள் அப்பா தம்ளரைத் தள்ளுவதை அடம் என்று நினைக்காதீர்கள். குடிக்காமலே இருப்பதும் ஆபத்துதான். எவ்வளவு கெட்டி தேவை, தலையைத் தாழ்த்தினால் மட்டும் போதுமா என்பதைப் பரிசோதனையின்போதே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்துவிடலாம். தாடையைத் தாழ்த்துவதும் எல்லோருக்கும் பொருந்தாது, அதனால் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். பரிசோதனை முடியும்வரை எதை எப்படிக் குடிக்கக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு நடங்கள்.

இன்றிலிருந்தே செய்யக் கூடியவையும் உண்டு. மருந்து வேலை செய்து உடம்பு இளகியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சாப்பாடு கொடுங்கள். நேராக உட்கார வையுங்கள். அண்ணாந்து குடிக்க வேண்டாம். டிவியை அணைத்துவிடுங்கள், சாப்பிடும்போது கேள்வி கேட்காதீர்கள். மனம் அங்கே போனால் விழுங்குவது இங்கே நின்றுவிடும். ஒரு மணி நேரம் இழுத்தால் அவர் களைத்துப் போவார், அதனால் மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்துவிடலாம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம். வாயைச் சுத்தமாக வைப்பதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை, நான் எண்ணுகிறேன். எச்சில் தவறி உள்ளே போனாலும், அதில் கிருமி குறைவாக இருந்தால் நுரையீரல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். காலையும் இரவும் பல் துலக்கி, பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவி வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பார்க்கின்சன் மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. பொடித்துக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர்

பதில்: மருந்தின் பெயரைச் சொல்லி மருந்தாளரிடம் கேட்காமல் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். கரைத்துக் குடிக்கும் வகை, தோலில் ஒட்டும் பட்டை என்று வேறு வடிவங்கள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டால் மாற்றித் தருவார். விழுங்க முடியவில்லை என்று, பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஒரு வேளை மருந்து இறங்கவில்லை என்றாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. பார்க்கின்சன் நோய் இருக்கிறது. எச்சில் வழிந்து சட்டை நனைகிறது. நாலு பேர் நடுவே போகவே கூச்சமாக இருக்கிறது. எச்சில் இவ்வளவு ஊறுவது ஏன்?
- ஒரு வாசகர்

பதில்: உங்களுக்கு எச்சில் அதிகம் ஊறவில்லை, விழுங்குவதுதான் குறைந்திருக்கிறது. 1817-ல் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே, எச்சில் தொண்டைப் பக்கம் போகாமல் வாயிலிருந்து வழிவதைக் குறித்து வைத்திருக்கிறார். பேசத் தொடங்கும் முன் ஒரு முறை விழுங்கப் பழகுங்கள். தலை கவிழ்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். மெல்லுவதில் சிக்கல் இல்லாதவருக்குச் சூயிங் கம்கூட விழுங்குவதை நினைவூட்டும். போதவில்லை என்றால் எச்சில் சுரப்பைக் குறைக்க அந்தச் சுரப்பிகளில் போடும் போட்டுலினம் ஊசி இருக்கிறது, சில மாதம் பலன் தரும். எச்சிலை வற்றவைக்கும் சில மாத்திரைகள் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் தரலாம், கேட்காமல் வாங்காதீர்கள். எச்சில் வழிகிறவருக்கு உணவு விழுங்குவதிலும் குறை இருக்க வாய்ப்பு உண்டு. எனவே மேலே அந்த மகளுக்குச் சொன்ன பரிசோதனையை நீங்களும் செய்துகொள்ளுங்கள்.