பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்

டிஜே மிக்ஸர், கன்ட்ரோலர் பழுதுபார்ப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: அண்ணா, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போனில் ஒரு டிஜே ஆப்பை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் நான்கு சேனல் கன்ட்ரோலரைக் காட்டி, "இதை எடுத்துக்கிட்டா பின்னாடி மாத்தவே வேண்டாம்" என்கிறார். அதை வாங்கினால் ஹெட்போனுக்குக்கூடக் காசு மிஞ்சாது. என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டு சேனல் போதும், தம்பி. கன்ட்ரோலர் என்பது லேப்டாப்பிலோ போனிலோ ஓடும் டிஜே சாஃப்ட்வேரைக் கையால் இயக்கும் பெட்டி; ஒரு சேனலுக்கு ஒரு பாட்டு. நான்கு சேனல் பெட்டிகள் என் மேஜைக்கு வரும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதல் இரண்டு சேனல்களின் ஃபேடர்கள் (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு பட்டன்கள்) கரகரவென்று தேய்ந்துபோயிருக்கும். மூன்றாவதும் நான்காவதும் புதுசு மாதிரியே வழுக்கும். நாலு பாட்டை ஒரே நேரத்தில் கலக்கும் பழக்கம் பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

கடையில் எல்லோரும் பெட்டியின் மேல்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். வண்ண வண்ணமாக மின்னும் பேடுகள், சுற்றும் விளக்குகள். நீங்கள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டர் அவுட் தனியாக இருக்க வேண்டும். முன்பக்கமோ ஓரத்திலோ ஹெட்போனுக்கு வேறு ஒரு துளை இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளே சவுண்ட் கார்டு (ஒலியை வெளியே அனுப்பும் பாகம்) இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இருந்தாலும் விவரக்குறிப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூட்டத்துக்கு ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டைக் காதில் மட்டும் கேட்டுத் தயார் செய்வதுதான் இந்த வேலையே. அதற்கு நான்கு தடங்கள் வேண்டும்: ஸ்பீக்கருக்கு இரண்டு, காதுக்கு இரண்டு. மிக மலிவான சில பெட்டிகளில் சவுண்ட் கார்டே கிடையாது. அவை வெறும் பட்டன் பலகைகள். தனியாகக் கிடைக்கும் பிரிப்பு ஒயரை வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் அதில் இடது தடம் ஸ்பீக்கருக்கும் வலது தடம் காதுக்கும் போய்விடும், ஸ்டீரியோ போச்சு.

மாஸ்டர் அவுட் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ செருகியா, மூன்று பின் எக்ஸ்எல்ஆர் செருகியா என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டில் பழகுவதற்கு ஆர்சிஏ போதும். பெரிய ஹாலில் நீளமாக ஒயர் இழுத்தால்தான் ஆர்சிஏவில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறும். அங்கே எக்ஸ்எல்ஆர் உள்ள பெட்டி நிம்மதி.

அப்புறம் பிட்ச் ஃபேடர், அதாவது பாட்டின் வேகத்தை ஏற்றி இறக்கும் தள்ளு பட்டன். அதன் நீளத்தை விரலால் அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 125 பீட் ஓடும் பாட்டை 8 சதவீதம் ஏற்றி இறக்கினால் 115-லிருந்து 135 வரை போகும். அவ்வளவு தூரத்தையும் கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பள்ளத்துக்குள் அடைத்துவிட்டால், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வேகம் அரைப் பீட் தாவும். காதால் கேட்டே இரண்டு பாட்டின் பீட்டைச் சேர்த்துப் பழக நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி. ஜாக் வீல் (பாட்டைக் கையால் தள்ளி இழுக்கும் வட்டு) பெரிதாக இருப்பதைவிட ஃபேடர் நீளமாக இருப்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஸ்கிராட்ச் செய்ய, அதாவது பாட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்ப, ஆசை இருந்தால் மட்டும் வீலுக்கு முன்னுரிமை கொடுங்கள். நியூமார்க் மிக்ஸ்டிராக் புரோ எஃப்எக்ஸ் கன்ட்ரோலரில் 6 அங்குல வீல் வருகிறது, கைக்கு நன்றாக இருக்கும்.

பேர் சொல்லிக் கேட்டால் இன்னும் இரண்டு சொல்வேன். பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ லைட் என்ற இரண்டு டிஜே சாஃப்ட்வேர்களோடும் ஓடும். நாளைக்கு வேறொருவருடைய பெரிய பயனியர் டெக்கில் நிற்க வேண்டி வந்தாலும் பட்டன்கள் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300-இல் இரண்டு பாட்டின் வேகம் ஒத்துப்போகிறதா என்று விளக்கு காட்டிக்கொடுக்கும். யாரும் சொல்லித்தர ஆளில்லாமல் தனியாகப் பழகுகிறவருக்கு அது உதவி. இந்த மூன்றிலுமே சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. கூடவே வரும் சாஃப்ட்வேர் முழுசா, லைட்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். லைட் என்றால் சில வசதிகள் பூட்டியிருக்கும், திறக்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: பாதிக்குக் கொஞ்சம் மேலே கன்ட்ரோலருக்கு, மீதியில் பெரும்பங்கு ஹெட்போனுக்கு. ஹெட்போன் காதை முழுதாக மூடுவதாக இருக்கட்டும். ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மறு காதால் வெளிச்சத்தம் கேட்க முடிய வேண்டும். பழுதுபார்ப்பவனாகச் சொல்கிறேன்: ஒயர் கழற்றி மாட்டும்படி இருப்பதை எடுங்கள். ஹெட்போனில் முதலில் சாவது ஒயர்தான். சென்ஹைசர் எச்டி 25 இத்தனை வருடமாக ஓடுவதற்கு, அதன் ஒயர், மெத்தை, ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாகக் கிடைப்பது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: உறவினர் ஒருவர் பழைய சிடி டெக் இரண்டும் மிக்ஸரும் தருகிறேன் என்கிறார். இன்னொரு பக்கம், ஒருவர் பயன்படுத்திய கன்ட்ரோலர் ஒன்றும் பாதி விலைக்கு வருகிறது. எதை எடுப்பது? எப்படிச் சோதிப்பது?

பதில்: சிடி டெக்கை ஆசைக்காக எடுக்கலாம், சிக்கனத்துக்காக வேண்டாம். 2001-ல் வந்த பயனியர் சிடிஜே-1000 அருமையான இயந்திரம். சிடியில் ஓடும் பாட்டை ரெக்கார்டு மாதிரிக் கையால் இழுத்து நிறுத்த அது வழி செய்தது. ஆனால் அதில் பென்டிரைவ் செருக முடியாது, எல்லாப் பாட்டையும் சிடியில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். லேசர் கண் தேய்ந்தால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். பென்டிரைவ் படிக்கும் டெக் கிடைத்தால் கதை வேறு. அப்படிக் கிடைத்தால் பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து எடுத்துப் போங்கள். எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் பழைய டெக்குகள் பல கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இனி கன்ட்ரோலர். போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. அந்த மாடலின் டிரைவர் (பெட்டியை லேப்டாப்போடு பேச வைக்கும் மென்பொருள்) உங்கள் லேப்டாப்பின் இப்போதைய இயங்குதளத்துக்குக் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். என்னிடம் வருவதில் மனசுக்குக் கஷ்டமானது இந்த ரகம்தான். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் லேப்டாப் அதை அடையாளம் காணாது. மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை ஓட்டுவதை நிறுத்தியபோது பழைய சாஃப்ட்வேர் பல அப்படியே நின்றுவிட்டன. அதற்கு ஸ்பேனர் வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. டிரைவரே தேவைப்படாத, செருகியவுடன் வேலை செய்யும் மாடல் என்றால் இந்தக் கவலை குறைவு.

நேரில் போனால் உங்கள் லேப்டாப்பையும் ஹெட்போனையும் கொண்டு போங்கள். ஒரு டெக்கிலிருந்து மறு டெக்குக்குச் சத்தத்தை மாற்றும் கிராஸ்ஃபேடரை முழுக்க இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, வலது டெக்கில் மட்டும் பாட்டை ஓட விடுங்கள். மாஸ்டர் சத்தத்தை ஹெட்போனில் ஏற்றிக் கேளுங்கள். சுத்தமாக அமைதியாக இருக்க வேண்டும். தூரத்தில் எங்கோ பாடுவது மாதிரி மெல்லிய சத்தம் கசிந்தால் ஃபேடர் தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான், ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்து பிட்ச் ஃபேடரை நடுவில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். திரையில் எண்ணைப் பாருங்கள்: அரை நிமிடம் அசையாமல் நின்றால் சரி. 0.00, 0.05, மறுபடி 0.00 என்று தானாகக் குதித்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. தூசி என்றால் ஃபேடருக்கென்று வரும் கிளீனர் போட்டால் போய்விடும். கண்ட எண்ணெயையும் ஊற்றிவிடாதீர்கள், அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும்.

கடைசியாக, பாட்டு ஓடும்போதே யுஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். விளக்குகள் ஒரு நொடி அணைந்து எரிந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பேடு ஒன்றிரண்டு அழுத்தமாக அமுக்கினால்தான் வேலை செய்கிறதா? அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. டிஜே ஆக ஆசைப்படுகிறாள். சிங்க் பட்டன் உள்ள கன்ட்ரோலர் வாங்கிக்கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவாள் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: சிங்க் என்பது இரண்டு பாட்டின் வேகத்தையும் பீட்டையும் தானாக ஒத்துப்போகச் செய்யும் பட்டன். அது இல்லாத கன்ட்ரோலரைத் தேடிப் போனால் இன்று ஒன்றும் மிஞ்சாது. இருந்துவிட்டுப் போகட்டும். முதல் சில வாரம் அதை அழுத்தியே பாட்டுக்குப் பாட்டு தாவட்டும்; எந்தப் பாட்டுக்குப் பிறகு எது நன்றாக இருக்கும் என்ற ருசி அப்படித்தான் வரும். சாஃப்ட்வேர் பீட்டைக் கணித்துப் போடும் கோடுகளை நம்பித்தான் சிங்க் வேலை செய்கிறது. ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த பழைய பாட்டில் வேகம் கொஞ்சம் கூடும், குறையும். கோடு ஓரிடத்தில், அடி ஓரிடத்தில் விழும். அப்போது இரண்டு பாட்டும் குதிரை ஓட்டம் மாதிரி தடதடக்கும், அது அவள் காதுக்கே கேட்கும், அவளே ஜாக் வீலைத் தொடுவாள். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: ஹெட்போன் சத்தம். உள்ளே கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லுங்கள், ஹெட்போனை ஏற்ற விடாதீர்கள்.

கேள்வி: புது கன்ட்ரோலர், ஆனால் பாட்டு நடுநடுவே 'டப் டப்' என்று வெடிக்கிறது. லேப்டாப் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சாஃப்ட்வேர் அமைப்பில் பஃபர் என்று ஒன்று இருக்கும்; ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவு அது. 256 என்று வைத்தால் ஒலி சுமார் 6 மில்லி விநாடி தாமதிக்கும், 512 என்றால் 12. ஸ்கிராட்ச் செய்யாதவருக்கு 12 தெரியவே தெரியாது. எனவே முதலில் 512-க்கு ஏற்றுங்கள். லேப்டாப்பில் பேட்டரி சேமிப்பை அணைத்துவிட்டு, சார்ஜரை மாட்டியே ஓட்டுங்கள். அப்படியும் வெடித்தால், கன்ட்ரோலரை யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஹப்பைக் கழற்றிவிட்டு லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் ஒயரை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.