மூடாக்கு என்றால் என்ன? வீட்டுத் தோட்ட மண்ணுக்கு அது எதற்கு?

செடியைச் சுற்றி வெறும் மண் தெரியாதபடி சருகு, வைக்கோல், காய்ந்த புல் எதையாவது பரப்பி வைப்பதுதான் மூடாக்கு.

சப்பாத்தி மாவைப் பிசைந்து திறந்து வைத்தால் மேலே தோல் தட்டிவிடும்; ஈரத்துணி போட்டால் மெத்தென்று இருக்கும். மண்ணும் அப்படித்தான். சித்திரை வெயிலில் வெறும் மண் பொருக்குத் தட்டிவிடுகிறது. பிறகு ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். மண்புழுவும் நுண்ணுயிர்களும் ஈரம் தேடிக் கீழே போய்விடும், அல்லது செத்துப்போகும். மூடி வைத்தால் அவை மேலேயே இருந்து சருகைத் தின்று மட்காக்கும். அந்த மட்குதான் மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது.

மூன்று மாதம் கழித்துக் கத்தரிச் செடியடியில் சருகை விலக்கிப் பாருங்கள். அடியிலுள்ள இலைகளில் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருக்கும். பக்கத்தில் கடுகு கடுகாக மண்புழு எச்சம். எனக்கு எந்த உர மூட்டையையும்விட இதில்தான் நம்பிக்கை.

2 முதல் 3 அங்குல உயரம் போதும். தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். விதை போட்ட இடத்தில் முளைத்து வரும்வரை வேண்டாம். (அடைமழையில் நத்தை குடியேறும், அப்போது கொஞ்சம் விலக்கிவிடுங்கள்.)

“சருகு மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துவிடும்” என்று பலர் பயப்படுகிறார்கள்; காய்ந்த சருகையோ மரத்தூளையோ மண்ணோடு கலந்து கொத்திவிட்டால்தான் அந்தச் சிக்கல், மேலே பரப்பினால் வேர்ப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது.