எண்ணெய் பாக்கெட்டை எண்ணுங்கள்: சாப்பாடு, நடை, தூக்கம் பற்றிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். "அளவாத்தான் சாப்பிடுறேன், ஆனாலும்..." என்று ஆரம்பித்து எடை, சர்க்கரை, முட்டிவலி என்று எங்கேயோ போய் முடிகிறது. நான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிறவள், டாக்டர் அல்ல. மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஐடி வேலை, சோழிங்கநல்லூர், வயது 31): திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. சனி, ஞாயிறு மட்டும் மதியம் பிரியாணி, சிக்கன் 65, கூல்டிரிங்க்ஸ், ராத்திரி பரோட்டா சால்னா. ஐந்து நாள் கட்டுப்பாடு, ரெண்டு நாள் ஜாலி, பேலன்ஸ் ஆகிவிடும் என்று பார்த்தால் ஆறு மாசமாக எடை இறங்கவே இல்லை மேடம்.

பதில்: பேலன்ஸ் ஆகத்தான் செய்கிறது தம்பி, அதனால்தான் எடை மெஷின் முள் நகரவில்லை. உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் 1,500-இல் நிறுத்தினால் 2,500 மிச்சம். சனியும் ஞாயிறும் தலா 1,250 கூடினால் கணக்கு நேர். நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலுக்கு 1,250 ஒன்றும் பெரிய தொகை இல்லை.

ஆனால் நான் கைவைக்கப் போவது உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, செவ்வாய்க்கிழமையில். மதியம் வெள்ளரிக்காயையும் கேரட்டையும் கொறித்துவிட்டு சாயங்காலம் ஆறு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பசிக்காமல் என்ன செய்யும்? அஞ்சு நாள் அடக்கி வைத்த பசிதான் சனிக்கிழமை வட்டியோடு வருகிறது. மதியத்துக்கு ஒரு கப் சோறு, பருப்பு தெரிகிற மாதிரி கெட்டி சாம்பார், தட்டில் பாதிக்குக் காய், ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ, கடைசியில் மோர். ஓட்ஸ் பிடிக்காமல்தான் விழுங்குகிறீர்கள் என்றால் விட்டுத் தள்ளுங்கள், மூன்று இட்லி போதும்.

ஞாயிறு பிரியாணியைச் சாப்பிடுங்கள். அதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். காய்ந்த வயிற்றோடு கடைக்குப் போகிறவர்தான் ரெண்டாவது பிளேட் சொல்கிறார். பிரியாணியா பரோட்டாவா, ஒரு நாளைக்கு ஏதாவது ஒன்று. கூல்டிரிங்க்ஸை மட்டும் நிறுத்திவிடுங்கள். 300 மில்லி பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை. கூடுதல் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள், ஒரே பாட்டிலில் அது தாண்டிவிடுகிறது.

கேள்வி (இல்லத்தரசி, விருதுநகர்): வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். நான் கம்மியாகத்தான் ஊற்றுகிறேன். கம்மி என்றால் எவ்வளவு அக்கா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. "கம்மி" என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறார்கள். கடாயைப் பார்த்து இது தெரியாது, மளிகைச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை காலியான எண்ணெய் பாக்கெட் கவர்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தி. வீட்டில் நாலு பேர், மாதம் 5 லிட்டர் ஓடுகிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 மில்லி வருகிறது. 3 லிட்டர் என்றால் 25 மில்லி. 20 முதல் 30 மில்லிக்குள் நின்றால் நல்லது. வெளியே வாங்கித் தின்கிற வடையும் பஜ்ஜியும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது ஊற்றுகிற விதம். பாக்கெட் மூலையைக் கத்தரித்து நேரே கடாயில் சாய்க்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். தூக்கில் ஊற்றி, சின்னக் குழிக்கரண்டி போட்டு வையுங்கள். இருமல் மருந்தோடு ஒரு பிளாஸ்டிக் மூடி வருமே, கோடு போட்டது, அதில் உங்கள் குழிக்கரண்டியால் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில வீட்டுக் கரண்டி 5 மில்லி, சிலது 15. இது தெரியாமல் "ரெண்டு கரண்டிதான் ஊத்துறேன்" என்பதில் அர்த்தமே இல்லை. காலையில் ஒரு நாளுக்கான எண்ணெயைத் தனியாக ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டால், தாளிப்புக்கும் தோசைக்கும் அதற்குள்தான் என்று கை தானாகப் பழகிவிடும். தோசைக்கல்லை வெட்டிய வெங்காயத்தால் தேய்ப்பது நம் பாட்டிமார் செய்ததுதானே.

உப்புக்கும் இதே வழி. நாலு பேருக்கு மாதம் ஒரு கிலோ பாக்கெட் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு தனிக் கணக்கு.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர், வயது 67): மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் தினம் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. ராத்திரி பத்தரை மணிக்குப் பார்த்து அடி குறைவாக இருந்தால் ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடந்து முடிக்கிறேன். முட்டி வலிக்கிறது. விடலாமா?

பதில்: ஐயா, ராத்திரி பத்தரைக்குப் படுத்துத் தூங்குங்கள். 10,000 என்பது எந்த மருத்துவரும் ஆராய்ந்து எழுதிக் கொடுத்த அளவு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்ததற்கு அடுத்த வருஷம், 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரோடு ஒட்டி வந்த எண். சொல்ல எளிது, விளம்பரத்துக்கு நன்றாக இருந்தது, நிலைத்துவிட்டது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரியாக 72 வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். வாரத்துக்கு 150 நிமிஷம் தானாகத் தேறிவிடும், சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையும் கட்டுப்படும். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். தொடைத் தசை பலமானால் முட்டிக்குச் சுமை குறையும். முட்டி வீங்கினாலோ, ராத்திரியில் வலித்து எழுப்பினாலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை, 68 கிலோ): தினம் ரெண்டு மணி நேரம் ஜிம், ஞாயிறும் லீவு இல்லை. சோறு கட். நாளைக்கு 180 கிராம் புரோட்டீன். மூணு மாசமாக வெயிட் தூக்குவது ஏறவே இல்லை, எப்பவும் அசதி. இன்னும் என்ன கூட்டணும் அக்கா?

பதில்: கூட்ட வேண்டியது தூக்கமும் சோறும். தசை ஜிம்மில் வளர்வதில்லை, ஜிம்முக்கு அடுத்த நாள் வளர்கிறது. ஒரே தசைக்கு ரெண்டு நாள் இடைவெளி கொடுங்கள், வாரத்தில் நாலு நாள் போதும். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரோட்டீன் பயன்படும், உங்களுக்கு 110 கிராம். மீதி 70 கிராம் வெறும் காசுச் செலவு. சோற்றை நிறுத்திவிட்டுப் பளு தூக்கினால் அசதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி (பலர்): கருப்பட்டி காபி எத்தனை குடிக்கலாம்? சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகுக் களி அளவில்லாமல் சாப்பிடலாமா? தினம் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கணுமா?

பதில்: கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், அதே கணக்கில் வையுங்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய, ஆனால் மாவுச்சத்து அரிசியை விட ரொம்பக் குறைவு இல்லை. பெரிய உருண்டை ரெண்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமானது. சவாலுக்காகக் குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகும்.

கேள்வி (மகள், திருச்செந்தூர் பக்கம்): அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை மாத்திரை போடுகிறார். செவ்வாய், வெள்ளி ஒரு பொழுது, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் பால். போன வருஷம் வேர்த்துக் கொட்டி மயங்கிவிட்டார். சொன்னால் "முருகன் பார்த்துப்பான்" என்கிறார்.

பதில்: அம்மாவோடு சாமி பற்றி வாதம் செய்யாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். பிரச்சினை விரதத்தில் மட்டும் இல்லை, விரதமும் மாத்திரையும் சேர்வதில் இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரைகள் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் அது சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மெஷினில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே டாக்டரிடம் கூட்டிப் போய், அம்மாவையே விரதம் பற்றிச் சொல்ல வையுங்கள். மாத்திரையை மாற்றித் தர முடியுமா, இந்த உடம்புக்கு இது கூடவே கூடாதா என்று அவர் சொல்லட்டும். பால், பழம், வேகவைத்த பயறு என்று வேளை தவறாமல் எடுத்து விரதம் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரு பொழுது என்ற பெயரில் அந்த ஒரு பொழுதில் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாய், சென்னை): பெண்ணுக்கு 17 வயது. யூடியூப் பார்த்து ஒவ்வொரு வாயையும் தராசில் நிறுத்துச் சாப்பிடுகிறாள். எண்ணெய், சோறு, பால் எல்லாம் விஷம் என்கிறாள். நாலு மாசமாக வீட்டுக்கு விலக்கு ஆகவில்லை. எப்படி அளவாகச் சாப்பிட வைப்பது?

பதில்: அம்மா, இதற்கு டயட் சார்ட் எழுதித் தர மாட்டேன். எழுதினால் அதையும் தராசில் வைத்துவிடுவாள். மாதவிலக்கு நின்றுபோகிற அளவுக்கு உடம்பு பட்டினியில் இருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள், கூடவே மனநல ஆலோசனையும் வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். அதுவரை "எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்றோ, "இப்பதான் முகம் நல்லா இருக்கு" என்றோ வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், முக்கியமாக விருந்துக்கு வருகிற உறவுக்காரர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): தினம் அளவாக ஒரு கட்டிங் போட்டால் இதயத்துக்கு நல்லதாமே?

பதில்: இல்லை. ஆபத்தே இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் நடுவழி தேட வேண்டாம்.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை, ரெண்டு குழந்தைகள்): காலை ஐந்துக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் படுக்கை. நாலு மணிக்கு எழுந்து வாக்கிங் போகச் சொல்கிறார்கள். எடை கூடிக்கொண்டே போகிறது, ரத்தமோ குறைவு என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: நாலு மணிக்கு எழுந்திருக்காதீர்கள். ஆறு மணி நேரத் தூக்கத்தை ஐந்தாக்கி நடந்தால், அன்றைக்குப் பூராவும் கூடுதல் பசிதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை ரெண்டு தடவை படித்தேன்: "பிள்ளைங்க வச்ச மிச்சத்தை வீணாக்காம நானே சாப்பிட்டுடுவேன்." உங்கள் தட்டுக்கு மேலே தினம் அரை தோசை, ரெண்டு வாய் நெய்ச்சோறு, ஒரு பிஸ்கட். எடை அங்கிருந்து வருகிறது. கறியும் முட்டையும் மற்றவர்களுக்குப் போய்விட்டு, உங்களுக்கு ரசமும் சோறும் மிஞ்சுகிறது, ரத்தக்குறைவு இங்கிருந்து வருகிறது. பிள்ளைகளுக்குக் குறைவாக வைத்து, கேட்டால் திரும்ப வையுங்கள். குழம்பு இறக்கியதும் உங்கள் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளுங்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை டீ தடுக்கும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள்.

உடற்பயிற்சிக்கு நேரம் உங்கள் தூக்கத்திலிருந்து வரக் கூடாது, வீட்டுக்காரரின் சாயங்காலத்திலிருந்து வர வேண்டும். ராத்திரிப் பாத்திரமும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அவர் பொறுப்பு என்றால் உங்களுக்கு அரை மணி கிடைக்கும். இதை அவர் படிக்கிற மாதிரி அனுப்பி வையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): தை பிறந்தால் வாரம் ரெண்டு கல்யாணம். பந்தியில் எப்படித் தப்பிப்பது?

பதில்: தப்பிக்க வேண்டாம், உட்காருங்கள். முதலில் கூட்டு, அவியல், பொரியலைச் சாப்பிடுங்கள். சோறு சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை. இனிப்பில் பாயசமோ ஜாங்கிரியோ, உங்களுக்குப் பிடித்தது ஒன்று. பரிமாறுகிறவர் "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியோடு நிற்பார். வாயால் மறுத்தால் கேட்க மாட்டார், இலைமேல் கையைக் குறுக்கே வையுங்கள். மறுநாள் பட்டினி வேண்டாம், வழக்கமான இட்லிதான்.