போனோடு வந்த வேண்டாத ஆப்களை என்ன செய்வது? – கேள்வி பதில்

போன் வாங்கும்போதே அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆப்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மொபைல் சர்வீஸ் கடை நடத்துபவள். என்னிடம் கேட்பவர்களில் அதிகம் பேர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும். மெனுவின் பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். தேடிக் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் உச்சியில் இருக்கும் தேடல் கட்டத்தில் தட்டிப் பாருங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திருச்சி): சில ஆப்களில் அன்இன்ஸ்டால் வருகிறது, சிலவற்றில் டிசேபிள் மட்டும் வருகிறது, சிலவற்றில் இரண்டும் மங்கலாகக் கிடக்கிறது. ஏன் இப்படி?

போனின் சேமிப்பிடம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, டீச்சர். சிஸ்டம் என்ற பகுதியைக் கம்பெனி எழுதி மூடிவிடும். அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. போன் இயங்கத் தொடங்கும்போதே அங்கே யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று சரிபார்த்துக்கொள்ளும். இன்னொன்று டேட்டா பகுதி. நீங்கள் போடும் ஆப், எடுக்கும் படம் எல்லாம் இதில்தான் போகும்.

கம்பெனி டேட்டா பகுதியில் போட்டு அனுப்பிய கேம், ஷாப்பிங் ஆப் போன்றவற்றுக்கு அன்இன்ஸ்டால் வரும். அவை முழுதாகப் போய்விடும். சிஸ்டம் பகுதியில் இருப்பதை அழிக்க வழியில்லாததால் டிசேபிள் தருகிறார்கள். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல் இந்த வசதி உண்டு. டிசேபிள் செய்த ஆப் திரையிலிருந்து மறையும், பின்னால் ஓடாது, நோட்டிஃபிகேஷன் அனுப்பாது. இரண்டு பொத்தானும் மங்கலாக இருந்தால், கம்பெனி அதை "அவசியமானது" என்று குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். அதில் சில உண்மையிலேயே அவசியம், சில அவர்களுடைய வியாபாரத்துக்கு அவசியம்.

ஃபோர்ஸ் ஸ்டாப் என்பது அந்த நேரத்துக்கு நிறுத்துவது மட்டுமே. ஆப் மறுபடி எழுந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு டிசேபிளே போதும் என்பது என் கருத்து. ஓடாத ஆப் உங்களை உளவு பார்க்கவும் முடியாது, பேட்டரியைத் தின்னவும் முடியாது.

கேள்வி (ஜவுளிக் கடை ஊழியர், ஈரோடு): அக்கா, நான் போடாத கேம்களை அழித்துவிடுகிறேன். சில நாளில் வேறு பெயரில் நாலு கேம் வந்து நிற்கிறது. வைரஸா?

பெரும்பாலும் வைரஸ் இல்லை தம்பி. போனிலேயே உட்கார்ந்து ஆப்களைக் கொண்டுவந்து இறக்கும் வேலையைச் செய்யும் ஆப் ஒன்று இருக்கும். அது இருக்கும்வரை நீங்கள் அழிக்க அழிக்க வந்துகொண்டேதான் இருக்கும். கேம்களைத் துரத்தாதீர்கள், கொண்டுவந்து இறக்குகிற ஆளைப் பிடியுங்கள்.

அடுத்த முறை புது கேம் வந்தால் உடனே அழிக்க வேண்டாம். அதை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ பக்கத்துக்குப் போய்க் கடைசிவரை இறங்கிப் பாருங்கள். அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்று பல போன்களில் ஒரு வரி இருக்கும். பிளே ஸ்டோர் என்று இல்லாமல் வேறு பெயர் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது.

சாம்சங்கின் ஏ, எம், எஃப் வரிசைப் போன்கள் சிலவற்றில் ஆப்கிளவுட் என்று ஒன்று இருக்கும். அயர்ன்சோர்ஸ் என்ற விளம்பர நிறுவனத்தின் சரக்கு அது. 2025இல் லெபனானைச் சேர்ந்த எஸ்எம்இஎக்ஸ் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு, இதைப் பற்றி சாம்சங்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதியது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லி, ஆப்கிளவுடை டிசேபிள் செய்யுங்கள். பெரிய சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு அது மீண்டும் எழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ரெட்மி, போகோ என்றால் கெட்ஆப்ஸ் என்ற கடையைக் கவனியுங்கள். அதன் நோட்டிஃபிகேஷனை முழுதாக நிறுத்துங்கள். ஹோம் திரையில் உள்ள ஃபோல்டரைத் திறந்து அதன் பெயரைத் தொட்டால் புரமோட்டட் ஆப்ஸ் என்று ஒரு சுவிட்ச் வரும், அதையும் அணையுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: அந்த ஃபோல்டருக்குள் தெரியும் படங்களில் பல உண்மையில் போனில் இல்லவே இல்லை, தொட்டால்தான் இறங்கும். தெரியாமல் தொட்டு இறக்கிக்கொண்டவர்கள் நிறைய. வேறு கம்பெனிப் போன்களில் ஹாட் ஆப்ஸ், ஹாட் கேம்ஸ் என்ற பெயரில் வருவதும் இதே வேலைதான்.

ரெட்மியில் இன்னொன்று எம்எஸ்ஏ. போனின் சொந்த ஆப்களுக்குள் விளம்பரம் காட்டுவதே அதன் தொழில். செட்டிங்ஸில் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் ஆத்தரைசேஷன் அண்ட் ரிவொகேஷன் என்று போனால் அதன் சுவிட்ச் இருக்கும். அணைக்கும்போது இன்டர்நெட் இருக்க வேண்டும். பத்து விநாடி காக்க வைக்கும், அப்புறம் சில நேரம் முடியவில்லை என்றும் சொல்லும். விடாமல் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், அணைந்துவிடும்.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): சாம்சங்கில் ஃபேஸ்புக்கை டிசேபிள் செய்தேன். அது போதுமா?

போதாது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பெயரில் மெட்டா ஆப் இன்ஸ்டாலர், மெட்டா ஆப் மேனேஜர், மெட்டா சர்வீசஸ் என்று மூன்று துணை ஆப்கள் ஐகான் இல்லாமல் கூடவே இருக்கும். ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் ஆப்களைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். மூன்றையும் டிசேபிள் செய்யுங்கள். பிறகு உங்களுக்கே ஃபேஸ்புக் வேண்டும் என்றால் பிளே ஸ்டோரிலிருந்து போட்டுக்கொள்ளலாம், தடையில்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மதுரை): போனைத் தொடாமலே திரையில் ஏதோ செய்தி வந்து ஓகே, கேன்சல் கேட்கிறது. பூட்டிய திரையிலும் சினிமாச் செய்தி ஓடுகிறது. எந்த ஆப்பை எடுக்க வேண்டும்?

இவை இரண்டும் தனித்தனி விஷயம் ஐயா.

தானாக வந்து ஓகே கேட்பது அநேகமாக சிம் கார்டிலிருந்து வருகிறது. சிம் டூல்கிட் என்ற ஆப்பைத் திறங்கள். ஏர்டெல் என்றால் ஏர்டெல் நவ், வோடபோன் (இப்போது விஐ) சிம் என்றால் ஃப்ளாஷ் என்று ஒரு வரி இருக்கும். உள்ளே போய் ஸ்டாப் அல்லது டீஆக்டிவேட் கொடுங்கள். சிம் டூல்கிட்டையே நீக்கத் தேவையில்லை. தயவுசெய்து அந்தச் செய்திகளுக்கு ஓகே அழுத்தாதீர்கள். கட்டணச் சேவை ஏதாவது ஏறி, பேலன்ஸ் கரைய வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே பணம் பிடிக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் 155223 என்ற எண்ணுக்கு ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பி, என்ன சேவை ஓடுகிறது என்று பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

பூட்டிய திரையில் ஓடுவது கிளான்ஸ் என்ற சேவையாக இருக்கும். பெங்களூரு இன்மொபி குழுமத்தினுடையது, பல கம்பெனிப் போன்களில் சேர்ந்தே வருகிறது. செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பகுதியில் அதற்குச் சுவிட்ச் இருக்கிறது. சில போன்களில் வால்பேப்பர் கேரசல் என்ற பெயரில் இருக்கும்.

வயதானவர்கள் கையில் இருக்கும் போனில் முதலில் இந்த இரண்டையும் நிறுத்துங்கள் என்று எல்லாப் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஆப்களைக் களையெடுப்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், சேலம்): என் போன் 32 ஜிபி. எல்லாவற்றையும் டிசேபிள் செய்தால் இடம் எவ்வளவு கிடைக்கும்?

கொஞ்சம்தான் கிடைக்கும் அண்ணா. சிஸ்டம் பகுதியில் உள்ள மூல ஆப் அங்கேயே இருக்கும், அந்த இடம் உங்களுக்கு வராது. ஆனால் அதன் அப்டேட்டும் சேர்த்து வைத்த தகவலும் டேட்டா பகுதியில் இருக்கின்றன, அவை திரும்பக் கிடைக்கும். டிசேபிள் செய்வதற்கு முன் ஸ்டோரேஜ் பகுதியில் கிளியர் டேட்டா கொடுங்கள், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருந்தால் அதையும் கொடுங்கள். உண்மையில் உங்கள் இடத்தைப் பிடித்திருப்பது வாட்ஸாப் வீடியோக்களாக இருக்கலாம். வாட்ஸாப் செட்டிங்ஸில் மேனேஜ் ஸ்டோரேஜைத் திறந்து பாருங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர், கோவை): டிசேபிள் மங்கலாக இருக்கும் ஆப்களை ஏடிபி வழியாக நீக்கலாம் என்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லை. செய்யலாமா?

செய்யலாம், நிதானமாகச் செய்ய வேண்டும். ஏடிபி என்பது ஆப் உருவாக்குபவர்களுக்காகக் கூகுள் கொடுத்த கருவி. அதன் மூலம் ஒரு ஆப்பை உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும் நீக்கலாம். மூலப் பிரதி சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும். போனை வாங்கிய நிலைக்கே திருப்பும் ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். இதைக் குறை என்று நினைக்காதீர்கள், தப்பானதை நீக்கிவிட்டால் உங்களைக் காப்பாற்றப் போவதே அந்தப் பிரதிதான்.

ஆண்ட்ராய்டு 11 முதல் கம்ப்யூட்டரும் வேண்டாம். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். ரெட்மியில் ஓஎஸ் பதிப்பு எழுதியிருக்கும் இடத்தைத் தொட வேண்டும். உள்ளே வயர்லெஸ் டீபக்கிங்கை இயக்கிக்கொள்ளுங்கள், வைஃபையில் இணைந்திருப்பது அவசியம். ஏடிபி வேலையைப் போனிலேயே செய்ய உதவும் ஷிசுகு என்ற ஆப்பை இறக்கி, அது கேட்கும் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்து இணையுங்கள். பிறகு எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையிலிருந்து காண்டா என்ற ஆப்பைப் போடுங்கள். அது போனில் உள்ள அத்தனை ஆப்களையும் பட்டியலிட்டு, ரெகமெண்டட், அட்வான்ஸ்டு, எக்ஸ்பெர்ட், அன்சேஃப் என்று முத்திரை குத்திக் காட்டும். நீக்கியதைத் திரும்பப் போடவும் அதிலேயே வழி உண்டு.

ரெகமெண்டட் என்றால் நீக்கலாம் என்று பொருள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். அதிலும் ஒரே நேரத்தில் முப்பது நாற்பதைத் தேர்வு செய்து நீக்கக் கூடாது. நாலைந்தை நீக்குங்கள், போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், கால், எஸ்எம்எஸ், கேமரா, அலாரம், யுபிஐ எல்லாம் வேலை செய்கிறதா என்று ஓரிரு நாள் பாருங்கள், அப்புறம் அடுத்தது. எதை நீக்கினோம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ரெட்மி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: செக்யூரிட்டி ஆப், ஃபைண்ட் டிவைஸ் இரண்டையும் தொடவே கூடாது. அவை போனால் போன் லோகோவிலேயே நின்று திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகலாம். அதிலிருந்து மீள ரெகவரி என்ற பழுதுநீக்கும் மெனுவில் போய் முழுதாக அழிப்பதுதான் வழி, படங்கள் எல்லாம் போய்விடும். அதனால் எந்தப் போனாக இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

சாம்சங்கில் கம்ப்யூட்டர் கேபிள் வழியாகச் செய்பவர்கள், ஆட்டோ பிளாக்கர் இயங்கினால் கட்டளைகளைத் தடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப இயக்கிவிட வேண்டும், அது நல்ல பாதுகாப்பு.

கேள்வி (வங்கி வாடிக்கையாளர், சென்னை): இதெல்லாம் செய்த பிறகு வங்கி ஆப் திறக்க மறுக்கிறது.

டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அது இயங்கும்போது சில வங்கி ஆப்கள் திறக்காது. ஏற்கெனவே நீக்கிய ஆப்கள் அதனால் திரும்ப வராது.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்று ஒன்று இருக்கிறது. நான் போட்டதே இல்லை. எடுத்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. மற்ற ஆப்கள் தங்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவதற்கு அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் வெப்வியூவுக்கு ஒரு கோளாறான அப்டேட் வந்து, உலகம் முழுக்க ஜிமெயில் உள்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. கூகுள் பிளே சர்வீசஸையும் இதேபோல் விட்டுவிடுங்கள். தெரியாத பெயராக இருப்பதாலேயே ஒரு ஆப் கெட்டது ஆகிவிடாது.

கேள்வி (அதே பொறியியல் மாணவர்): ரூட் செய்துவிட்டால் சுத்தமாக அழிக்கலாமே அக்கா?

ரூட் என்பது பூட்டியிருக்கும் சிஸ்டம் பகுதியையும் மாற்றும் முழு அதிகாரத்தைப் பெறுவது. தினமும் யுபிஐ பயன்படுத்தும் போனில் வேண்டாம் தம்பி. வங்கி ஆப்கள் மறுக்கும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக உடைந்துவிடும், பழைய நிலைக்குத் திருப்பினாலும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது. கிடைக்கப் போகும் லாபமோ மிகச் சிறியது.

கேள்வி (வழக்கறிஞர், புதுச்சேரி): காசு கொடுத்து வாங்கிய போனில் எதை வைப்பது என்று முடிவு செய்ய நமக்குச் சட்டப்படி உரிமை இல்லையா?

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்பே போட்டு வரும் கூகுள் ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் இந்த வரியை ரத்து செய்துவிட்டது. நமக்கு மிகவும் வேண்டியிருந்த வரி அதுதான், அது போனதில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. தென் கொரியா 2014இலேயே, அவசியமில்லாத ஆப்கள் நீக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய நிறுவனங்களுக்கு 2024 மார்ச் முதல் இது சட்டக் கடமை.

அரசும் இதில் விதிவிலக்கு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பைப் புதுப் போன்களில் போட்டே விற்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்க விடக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்து, டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயம் கைவிடப்பட்டது. தொலைந்த போனைத் தடை செய்ய சஞ்சார் சாத்தி உதவுகிறது, நானே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் நல்ல ஆப்பாக இருந்தாலும் வேண்டுமா வேண்டாமா என்பதைப் போன் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். மக்கள் குரல் கொடுத்தால் மாறுகிறது என்பதையும் அந்த ஒரு வாரம் காட்டியது.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை): ஐபோனில்?

2016இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் ஆப்பிளின் சொந்த ஆப்கள் பலவற்றை அழுத்திப் பிடித்து நீக்கலாம். வேண்டும்போது ஆப் ஸ்டோரிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (புதிதாகப் போன் வாங்கப் போகிறவர், திண்டுக்கல்): முதல் நாளே என்ன செய்தால் இந்தத் தொல்லை இருக்காது?

கடைக்காரரிடம் "செட் பண்ணிக் கொடுங்க" என்று நீட்டாதீர்கள். அவர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து நிதானமாக நீங்களே செய்யுங்கள். பரிந்துரைக்கும் ஆப்கள் என்று ஒரு திரை வரும், எல்லாம் டிக் அடித்தே இருக்கும், ஒவ்வொன்றாக எடுங்கள். உங்களுக்கேற்ற விளம்பரம், பயன்பாட்டுத் தகவல் அனுப்புதல், லாக் ஸ்கிரீன் செய்திகள் என்று கேட்பவற்றுக்கு வேண்டாம் கொடுத்தாலும் போன் நன்றாகவே ஓடும்.

அப்புறம், பழைய போனிலிருந்து படம், வாட்ஸாப் எல்லாம் மாற்றுவதற்கு முன்பே களையெடுப்பை முடித்துவிடுங்கள். அப்போது ஏதாவது தவறிப்போய் ரீசெட் செய்ய வேண்டி வந்தாலும் இழப்பதற்கு அதில் எதுவும் இருக்காது.