சித்தப்பாவின் விமானத்துக்கு எந்தப் பெயின்ற்?

தொழில்நுட்பம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பரந்தனில் வாகனங்களுக்கு ஸ்பிறே பெயின்ற் அடிக்கும் கராஜ் ஒன்றில் 6 வருடங்களாக வேலை செய்கிறேன். கனடாவில் இருக்கும் என் சித்தப்பா இருவர் இருந்து பறக்கக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றைத் தன் வீட்டிலேயே கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறார். அடுத்த கோடையில் நான் அங்கு போகும்போது அதற்கு என்னையே பெயின்ற் அடிக்கச் சொல்கிறார். காருக்கு அடிப்பதும் விமானத்துக்கு அடிப்பதும் ஒன்றுதானா? எந்தப் பெயின்ற் நல்லது?
– வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, உங்கள் கைப்பழக்கம் வீண்போகாது. ஸ்பிறே கன்னைப் பரப்புக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சில் பாதியை மூடும்படி ஒரே வேகத்தில் ஓட்டத் தெரிந்தவருக்கு, விமானத்தின் இறக்கையும் லொறியின் கூரையும் பெரிதாக வேறுபடா. பெயின்றின் இனமும் நீங்கள் அறிந்ததுதான். எரிபொருள் சிந்தினாலும் எஞ்சின் எண்ணெய் பட்டாலும் கரையாமல், தகடு வளையும்போது வெடிக்காமல், வெயிலில் எளிதில் மங்காமல் நிற்பதால், இறுகச் செய்யும் ஹாட்னர் கலந்து அடிக்கும் இரண்டு பகுதிப் பொலியூரிதேனையே விமானம் கட்டுவோர் பெரும்பாலும் விரும்புகிறார்கள். கார்களுக்குச் செய்வதுபோல நிறப்பூச்சின் மேல் நிறமற்ற கிளியர் அடிப்பவர்களும் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் வரும் வகையைத் தெரிவு செய்வேன். ஒரு படை குறைந்தால் அந்த அளவுக்குப் பாரமும் குறையும்.

காருக்கு அடித்த பெயின்றை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. விமானத்தில் அதைக் கணக்கிட்டே தீர வேண்டும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் காய்ந்த பூச்சு 100 மைக்ரோமீற்றர் தடிப்பில் இருந்து, அதன் அடர்த்தி நீரைப் போல 1.3 மடங்கு என்று கொண்டால், அதன் எடை 130 கிராம். மொத்தப் பரப்பு 40 சதுர மீற்றர் என்றால் 5.2 கிலோகிராம் வரும்; அது ஏறத்தாழ 7 லீற்றர் பெற்றோலின் எடை. பள்ளம் தெரிகிறது என்று பட்டியை அள்ளி அப்பி, நிறம் ஆழமாக வரட்டும் என்று இன்னும் இரண்டு தரம் அடித்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிடும். அமெரிக்க விண்ணோடம் 1981இல் பறந்த முதல் இரண்டு பயணங்களிலும் அதன் பெரிய வெளி எரிபொருள் தாங்கிக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். பிறகு பூசாமலே விட்டதால் சுமார் 270 கிலோகிராம் மிச்சமானது. பிற்காலப் படங்களில் அந்தத் தாங்கி செம்மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

பாரம் எங்கே சேர்கிறது என்பது, எவ்வளவு சேர்கிறது என்பதைவிட முக்கியமானது. இறக்கையின் பின்விளிம்பிலும் வாலிலும் கீலில் அசையும் தட்டுகள் இருக்கின்றன அல்லவா? அவை கீலுக்கு முன்னும் பின்னும் சரியான சமநிலையில் இருக்கும்படி கட்டப்பட்டவை. கீலுக்குப் பின்னால் உள்ள பெரிய பரப்பில் பூச்சு ஏறினால் சமநிலை பின்னோக்கிச் சரியும். அப்படிச் சரிந்த தட்டு ஒரு குறித்த வேகத்தைத் தாண்டும்போது காற்றில் தானாகவே படபடக்கத் தொடங்கி, சில வினாடிகளுக்குள் தன்னையும் இறக்கையையும் பிய்த்துவிடக்கூடும். ஆகவே அந்தத் தட்டுகளைக் கழற்றித் தனியாகப் பூசுங்கள், அவற்றில் பட்டி வைக்காதீர்கள், பூச்சு காய்ந்த பின் விமானத்தின் கட்டுமானக் கைநூலில் சொல்லியிருக்கும் முறைப்படி சித்தப்பா மறுபடியும் சமநிலை பார்க்கும்வரை அவற்றைப் பூட்ட விடாதீர்கள். இதில் அவர் அவசரப்பட்டாலும் நீங்கள் இணங்க வேண்டாம்.

அடுத்தது தகட்டைத் தயார் செய்வது. இரும்பில் துரு கண்ணுக்குத் தெரியும். அலுமினியத்தில் ஒட்சைட்டுப் படலம் தேய்த்து முடித்த கையோடு கண்ணுக்குத் தெரியாமலே உருவாகிவிடும். முதலில் எண்ணெய்ப் பசையைக் கழுவி நீக்கி, பிறகு சிவப்பு நார்ப் பட்டையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பளியைத் தொடவே கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைத் தொடக்கிவிடும். மின்சாரத் தேய்ப்பானும் வேண்டாம், ஏனெனில் விமானத் தகடுகள் பலவற்றின் மேல் அரிப்பைத் தடுப்பதற்கென்றே தூய அலுமினியம் மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. அதை உராய்ந்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. அதன் பின் பொஸ்போரிக் அமிலக் கழுவல், அதன் மேல் அரிப்புத் தடுக்கும் இரசாயனப் படலம், கடைசியாக நல்ல தண்ணீர். தண்ணீர் தகட்டின் மேல் ஒரே விரிப்பாக நின்றால் தகடு சுத்தம். தாமரை இலையில் போலத் திரண்டு உருண்டால் எங்கோ எண்ணெய் மிச்சம் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். வெறுங்கை படாமல் அன்றைக்கே எபொக்சிப் பிறைமரை (அடிப்பூச்சை) அடித்துவிட வேண்டும். இந்த ஒழுங்கில் சோம்பல் பட்டால், சில வருடங்களில் ஆணித் தலைகளிலிருந்தும் தகட்டு விளிம்புகளிலிருந்தும் பெயின்றுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல அரிப்பு நெளிந்து கிளம்பும். அதற்குப் பிறகு முழுவதையும் உரிப்பதைத் தவிர வழியில்லை.

மறைப்பு நாடா ஒட்டும் வேலையை உதவிக்கு வரும் சிறுவர்களிடம் விடாதீர்கள். விமானத்தின் உடலில் சிறு துளைகள் சில இருக்கும்; வெளிக் காற்றின் அழுத்தத்தை எடுத்து உயரமானிக்கும் வேகமானிக்கும் கொடுப்பவை அவை. 1996 ஒக்டோபர் 2ஆம் திகதி பெரு நாட்டின் லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் வீழ்ந்து 70 பேரும் இறந்தார்கள். விமானத்தைத் துப்புரவாக்கியபோது அந்தத் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்ததால் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகள் பொய் காட்டின. நீங்கள் ஒட்டும் நாடா பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். எத்தனை துளைகளை மூடினீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதி, அத்தனையும் திறந்ததை இன்னொருவர் பார்த்து ஒப்பமிடட்டும். நீர் வடியும் துளைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

இனி உங்களைப் பற்றி. ஹாட்னரில் இருக்கும் ஐசோசயனேற்று மூச்சுக்குழாயைப் பகைக்கும் பொருள். உடல் ஒருமுறை அதற்குக் கூருணர்வு பெற்றுவிட்டால், அதன் பின் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். நான் தொழில் பழகிய பட்டறையில், வாயில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்காக அடித்த மூத்தவர் ஒருவர், கடைசியில் பெயின்ற் கலக்கும் அறையின் வாசலில்கூட நிற்க முடியாமல் தொழிலையே விட்டார். அவர் இருமும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கரி அடைத்த முகமூடியை மட்டும் நம்ப முடியாது, ஏனெனில் ஆபத்தான அளவிலும் இந்தப் பொருளின் மணம் தெரியாததால், கரி தீர்ந்துபோனதை மூக்கு சொல்லித் தராது. வெளியே நல்ல காற்றுள்ள இடத்தில் வைத்த பம்பியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடியும், கையுறையும், முழு உடலையும் மூடும் உடையும் தேவை. பெயின்றுக்கு முன்பே இவற்றை வாங்கி வைக்கும்படி சித்தப்பாவுக்கு எழுதுங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜில் அடிக்கவே வேண்டாம். சுவருக்கு அப்பால் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். காற்றை வெளியே இழுக்கும் பெயின்ற் அறை (பூத்) ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. பரந்தனில் நீங்கள் அடிப்பதும் இதே ஹாட்னர்தான் என்பதால், இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இன்றைக்கே வேண்டும்.

விமானத்தைப் பூசாமலே சில மணி நேரம் பறக்கவிட்டு, கசிவுகளும் சிறு திருத்தங்களும் முடிந்த பிறகு பூசுவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: முல்லைத்தீவில் பைபர் படகுகள் திருத்தும் எங்களுக்கு, வெளிநாடுகளில் பைபரில் விமானமும் கட்டுகிறார்கள் என்பது வியப்பாக இருக்கிறது. படங்களில் அவை எல்லாம் வெள்ளையாகவே இருப்பது ஏன்?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பேர்ட் ரூட்டன் 1970களில் வடிவமைத்த வாரிஈசி போன்ற விமானங்கள்தான் இந்த முறையை வீட்டில் கட்டுவோரிடம் பரப்பின. நீங்கள் படகை அச்சில் வார்க்கும்போது நிறமுள்ள ஜெல் பூச்சு முதலில் அச்சில் படிகிறது. அவர்களோ அச்சு இல்லாமல், சூடான கம்பியால் வெட்டிய நுரைக் கட்டியின் மேல் கண்ணாடி நார்த் துணியை எபொக்சிப் பிசினில் தோய்த்துப் போர்த்துகிறார்கள். எனவே துணியின் நெசவு மேலே தெரியும். அதை மிக நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள் கலந்த எடை குறைந்த பட்டியால் நிரப்பி, நாட்கணக்காகத் தேய்த்த பிறகே பிறைமரும் நிறமும். தேய்க்கும்போது நாரை வெட்டிவிடக் கூடாது, ஏனெனில் பலம் முழுவதும் அந்த நாரில்தான் இருக்கிறது.

வெள்ளைக்குக் காரணம் வெப்பம். அறை வெப்பத்தில் இறுகிய எபொக்சி பலவும் 60 முதல் 80 பாகை செல்சியசுக்குள் இளகத் தொடங்கிவிடும். கடும் வெயிலில் நிற்கும் கரும்பரப்பு அந்த அளவைத் தொட்டுவிடும். வெள்ளைப் பரப்பு அதற்கு வெகு கீழேயே நிற்கும். சித்திரை வெயிலில் கரையில் இழுத்துவிட்ட படகின் கடும் நிற விளிம்பில் கை வைத்துப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய பெயின்றை உரிக்கும் இரசாயனத்தையும் இத்தகைய விமானத்தில் பயன்படுத்தக் கூடாது. அது பிசினையும் சேர்த்து அரிக்கும். உடலுக்குள் வானொலி அன்ரெனா வைத்திருந்தால், உலோகத் துகள் கலந்த மினுங்கும் நிறங்களையும் தவிர்ப்பார்கள்.

கேள்வி: பழைய விமானங்களுக்குத் துணி போர்த்தியிருந்தார்களாமே, அந்தத் துணிக்கு என்ன பூசினார்கள்?
– மாணவர், வவுனியா

பதில்: லினன் துணியும் பின்னர் பருத்தித் துணியும் போர்த்தி, டோப் எனப்படும் செலுலோசுக் கரைசலைப் பூசினார்கள். அது காயும்போது துணியைச் சுருக்கி மேளத் தோல்போல இறுக்கும். முதலில் வந்த நைத்திரேற்று டோப் மிக எளிதில் தீப்பற்றியதால், தீப்பிடிப்பது குறைந்த பியூற்றிரேற்று டோப் பின்னர் வந்தது. இன்று பொலியெஸ்ரர் துணியை ஒட்டி, சூட்டுப்பெட்டியால் 177 பாகை செல்சியஸ் வரை படிப்படியாகச் சூடாக்கிச் சுருக்குகிறார்கள். அதன் மேல் வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒன்று, பெரும்பாலும் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு, வேண்டும். அது இல்லாவிட்டால் சூரியனின் புற ஊதாக் கதிர் நூலை இற்றுப்போகச் செய்யும்.

நம் ஊரில் மாரி காலத்தில் டோப் அடித்தால் பூச்சு பால்போல வெளுத்துவிடும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிவதே காரணம். மெதுவாக உலரும் கரைப்பானைக் கலந்து, காற்று உலர்ந்திருக்கும் நாளில் மெல்லிய பூச்சாக மறுபடி அடித்தால் அந்த வெளுப்பு கரைந்து தெளியும்.