வேஷம் கட்டி உள்ளே போவது பற்றி: கேட்டதும் சொன்னதும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு பல வருஷமாகத் தமிழிலும் மலையாளத்திலும் செய்தி எழுதுகிறவன் நான். தீவிர அரசியல் அமைப்புகளுக்குள் ஆளை மறைத்துப் போய்ச் செய்தி எடுப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரு தடவை நானும் மூன்று மாதம் உள்ளே இருந்திருக்கிறேன். அந்த அமைப்பின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): அண்ணா, புது ஆளை எப்படி நம்பிச் சேர்த்துக்கொள்கிறார்கள்?

சேர்வது சுலபம் தம்பி. எந்த அமைப்பாக இருந்தாலும் கொடி கட்ட, நோட்டீஸ் ஒட்ட, நாற்காலி தூக்க எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். ஸ்வீடன்காரர் பேட்ரிக் ஹெர்மான்சன், வலதுசாரிகளின் பேச்சுரிமை நசுக்கப்படுவதைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவன் என்று சொல்லிக்கொண்டுதான் லண்டனில் இனவெறிக் கும்பல்களுக்குள் போனார். 'ஹோப் நாட் ஹேட்' என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்புக்காக 2016-லிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம். நம் குறையை யாராவது உட்கார்ந்து கேட்டால் நமக்கே பிடித்துப்போகிறதா இல்லையா, அதே கதைதான். அந்தத் தொடர்பிலேயே அமெரிக்கா வரை போனார். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் ஊரில் நடந்த இனவெறியர் ஊர்வலத்தில் ஒருவன் எதிர்ப்பாளர் கூட்டத்துக்குள் காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொன்ற அன்று அவரும் அங்கே இருந்தார்.

நமக்கு எல்லைக்காரன் என்ற சௌகரியமும் உண்டு. அந்தப் பக்கம் போனால் மலையாளத்தான், இந்தப் பக்கம் பாண்டி. இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன் என்று சொன்னால் கோபம் இருக்கும் என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள்.

கேள்வி (சித்தூர்): மாட்டிக்கொண்டதே இல்லையா?

மயிரிழையில் தப்பினேன், அதுவும் 48 ரூபாயில். பேரை மணி என்று சொல்லியிருந்தேன், பேச்சு, நடை எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு நாள் அமைப்பின் வகுப்பு முடிந்து நாலு பேருக்கு டீ, நான்தான் கொடுப்பேன் என்று வீறாப்பாக ஜீபே அடித்தேன். கடைக்காரர் அமைப்புத் தலைவரின் மச்சான். போனைப் பார்த்துவிட்டு, "மணிக்கு இவ்வளவு நீளப் பேரா?" என்றார். திரையில் என் நிஜப் பெயர், இனிஷியலோடு. வாயில் வந்தது, சித்தப்பா நம்பர், என்னோடது பேங்கில் மாட்டிக்கிச்சு என்று. அவர் சிரித்தார். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, அடுத்த வாரமே விலகி வந்துவிட்டேன்.

கேள்வி (மறையூர்): அவர்கள் ஒரு வேலை சொன்னால் செய்யத்தானே வேண்டும்?

இதுதான் உண்மையான சிக்கல் அக்கா, காமிரா எல்லாம் அப்புறம். கார்டியன் பத்திரிகை நிருபர் இயன் கோபெய்ன் 2006-ல் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்குள் ஏழு மாதம் இருந்தார். நல்ல பிள்ளையாக நடந்ததில் மத்திய லண்டனுக்கு அமைப்பாளராகவே போட்டுவிட்டார்கள். பத்திரிகைக்கு அது பெரிய செய்திதான், ஆனால் யோசித்துப் பாருங்கள், நீங்கள் கூட்டம் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கூட்டம் நிஜக் கூட்டம்தானே. நாற்காலி தூக்குவேன், நோட்டீஸ் எழுத மாட்டேன் என்று நான் கோடு போட்டிருந்தேன். ஒரு நாள் தமிழ் நோட்டீஸில் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். வேண்டுமென்றே இரண்டு பிழையை விட்டுவைத்தேன் என்பதெல்லாம் சமாதானம் இல்லை, இன்றைக்கும் உறுத்துகிறது.

கேள்வி (குமுளி, சட்டம் படிக்கும் தங்கை): ரகசிய வீடியோ கோர்ட்டில் நிற்குமா?

நிற்கலாம், நிற்காமலும் போகலாம் தங்கச்சி. 2007-ல் தெஹல்கா பத்திரிகையின் ஆசிஷ் கேத்தன் குஜராத்தில் ரகசியமாக எடுத்த பதிவுகளை, 2002 கலவரத்தில் நடந்த நரோடா பாட்டியா படுகொலை வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 2012-ல் ஏற்றது. அவரே சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையைத் தாங்கினார். அப்பீலில் 2018-ல் சிலர் விடுதலையானார்கள், சிலருக்குத் தண்டனை உறுதியானது. ஸ்டிங், அதாவது ரகசியப் பதிவு, செய்தவர் என்பதற்காகக் குற்றப் பொறுப்பிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று ரஜத் பிரசாத் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் நீங்கள் என்ன எண்ணத்தில் செய்தீர்கள் என்பதும் விசாரணைக்கு வரும். 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் வேண்டும். வெட்டி ஒட்டாத மூலக் கோப்பை முதல் நாளே பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று, அடுத்தவர் அனுபவத்தை உங்களுடையதாக எழுதாதீர்கள். அமெரிக்காவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்குள் போனதற்குப் பேர்போன ஸ்டெட்சன் கென்னடி, வேறொருவர் உள்ளிருந்து தந்த தகவல்களையும் தன் கதையாகச் சேர்த்து எழுதியிருந்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 2006 வாக்கில் அது வெளிவந்து, நிஜமாகச் செய்ததையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): இதுவும் ஏமாற்றுதானே சார்? 2017-ல் கேரளாவில் ஒரு சானல் பெண் குரலை வைத்து ஒரு மந்திரியைச் சிக்க வைத்ததே.

ஏமாற்றுதான், இல்லை என்று சொன்னால் அது இன்னொரு ஏமாற்று. ஆனால் அங்கே சானலே வலை விரித்து, பேசியது இல்லத்தரசி என்று காட்டி, பிறகு தங்கள் ஊழியர்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. மந்திரி அதற்குள் ராஜினாமா செய்திருந்தார். இல்லாத தப்பை உண்டாக்குவது வேறு, நடந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது வேறு. வேறு வழி ஏதாவது இருந்தால் அதில்தான் போக வேண்டும். ஜெர்மனியில் 2023 நவம்பரில் போட்ஸ்டாம் பக்கம் தீவிர வலதுசாரிகள் ரகசியமாகக் கூடியபோது, கரெக்டிவ் என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனத்தின் நிருபர் எந்த அமைப்பிலும் சேரவே இல்லை, அதே ஓட்டலில் ரூம் போட்டார். 2024 ஜனவரியில் செய்தி வந்ததும் ஊர் ஊராக லட்சக்கணக்கில் ஜனம் தெருவுக்கு வந்தது.

கேள்வி (செங்கோட்டை): வெளியே வந்தபின் மனசு எப்படி?

காய்ச்சலில் படுத்திருந்தபோது கஞ்சியும் பயறும் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்த ஒருவர் அந்த அமைப்பில் இருந்தார். காலையில் அவர் பேசும் பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியாது. செய்தியில் அவர் பெயரை விட்டுவிட்டேன். வாளி இன்னும் என் அடுக்களையில்தான் கிடக்கிறது.

கேள்வி (வாளையார்): அண்ணே, ஒரு டெலிகிராம் குரூப்பில் வேறு பெயரில் சிம் வாங்கிச் சேரலாமா? வயசு 21.

ஏமாற்றி சிம் வாங்கினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில், தம்பி. போலீஸ் வரும்போது நீ நிருபர் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? எழுத்தில் அனுமதி கொடுக்க ஓர் ஆசிரியர், தினமும் ராத்திரி போன் வராவிட்டால் தேடி வர ஓர் ஆள், இந்த இரண்டு பேரின் பெயரையும் முதலில் எனக்குச் சொல். சிம்மைப் பற்றி அப்புறம் பேசலாம்.