கருமை படிந்த சுவர்கள்

வணக்கம் ஐயா,

நான் சில ஆண்டுகளாக லண்டனில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் என் அலுவலக நண்பர் ஒருவரின் தாயார் காலமானார். அவர்கள் யூதர்கள். ஏழு நாள் துக்கம் காக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். வெளிக்கதவு தாழிடப்படாமல் இருந்தது. நண்பர் மார்புப் பக்கம் கிழிக்கப்பட்ட சட்டையுடன் தாழ்வான முக்காலி ஒன்றில் அமர்ந்திருந்தார். அவர்களுடைய ரபி வந்து, ஒரு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏறத்தாழ கால் மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மதகுரு என்பவர் வேதவசனம் ஒன்றையாவது சொல்வார் என்று எதிர்பார்த்த எனக்கு அது சங்கடமாக இருந்தது. பிறகு நண்பரே, "வெள்ளிக்கிழமை ரொட்டியை அம்மா தவறாமல் கருக்கிவிடுவார்" என்றார். "மேல்பக்கமா, அடிப்பக்கமா?" என்று கேட்டார் ரபி. நண்பர் சிரித்தார், அடுத்த கணமே உடைந்து அழுதார்.

துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது விதி என்று பின்னர் விளக்கினார்கள். அதே ரபி அன்று மாலை ஒரு திருமணத்தில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினார் என்றும் அறிந்தேன். விதிப்படி காட்டப்படும் பரிவு பரிவாகுமா? பகலில் துக்க வீட்டிலும் மாலையில் கல்யாண வீட்டிலும் ஒருவர் உண்மையாக இருக்க முடியுமா, இல்லை இது தொழில்முறைப் பழக்கம்தானா? யூத மதத்தைச் சட்டங்களின் மதம் என்றே படித்திருப்பதால் கேட்கிறேன்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

"மேல்பக்கமா, அடிப்பக்கமா" என்ற அந்தக் கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கால் மணி நேரம் காத்திருந்தவரால்தான் அப்படிக் கேட்க முடியும்.

நீங்கள் கேள்விப்பட்ட விதி, பண்டைய யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூதில் உள்ளது. அதற்கு ஆதாரமாக அங்கே காட்டப்படுவது பைபிளில் வரும் யோபுவின் கதை. பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபுவைக் காண வந்த மூன்று நண்பர்கள், அவனுடைய துயரம் மிகக் கொடியது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யோபு பேசிய பின்னரே அவர்கள் பேசினார்கள். பேசத் தொடங்கியதும் அவர்கள் யோபுவையே குற்றம் சாட்டியதைப் பார்த்தால், அந்த ஏழு நாள்களோடு எழுந்து ஊருக்குப் போயிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றும்.

இந்த விதி யாருடைய வாயைக் கட்டுகிறது என்று பாருங்கள். துக்கம் விசாரிக்க வரும் எல்லோருக்கும் இது பொதுதான் என்றாலும், அதிகம் கட்டுப்படுவது பேச்சையே வாழ்க்கையாகக் கொண்ட மதத்தலைவர்தான். நூல்களைக் கரைத்துக் குடித்தவருக்கு எந்தத் துயரத்துக்கும் ஒரு மேற்கோள் நாக்கு நுனியில் நிற்கும். எருசலேம் கோயில் கி.பி. 70ஆம் ஆண்டில் ரோமரால் அழிக்கப்பட்ட காலத்தில் யூதர்களை வழிநடத்திய ரப்பன் யோகனான் பென் சக்காயின் மகன் இறந்தபோது, அவருடைய ஐந்து மாணவர்கள் ஒவ்வொருவராக ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஆதாமுக்கு மகன் இறந்தான், அவன் ஆறுதல் கொள்ளவில்லையா என்றார் ஒருவர். அடுத்தவர் யோபுவைச் சொன்னார், மற்றவர் ஆரோனை, இன்னொருவர் தாவீதை. ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் அளித்த பதில் ஒன்றே: என் துயரம் எனக்குப் போதாதென்றா ஆதாமின் துயரத்தையும் எனக்கு நினைவூட்டுகிறாய்? நால்வரும் வேதம் அறிந்தவர்கள், அவர்கள் சொன்னதில் பிழையும் இல்லை. ஐந்தாவதாக வந்த எலாசார் பென் அராக் மட்டும் இறந்த அந்த மகனைப் பற்றிப் பேசினார்: அரசன் ஒப்படைத்த பொருளைப் பழுதின்றித் திருப்பித் தந்தவரைப் போன்றவர் நீங்கள், உங்கள் மகன் வேதம் கற்றான், மாசின்றிப் போனான் என்றார். ஆசிரியரின் மனம் அதில்தான் ஆறியது. என் தந்தை இறந்த வாரத்தில் வந்தவர்களில் பாதிப்பேர் தங்கள் தந்தையின் மரணத்தைப் பற்றியே என்னிடம் பேசிவிட்டுப் போனார்கள் என்பதால், இந்தக் கதையின்மீது எனக்குத் தனிப்பட்ட பற்று உண்டு.

சட்டங்களின் மதம் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சட்டங்களில் கணிசமானவை, ஒருவருடைய துயரத்துக்கு அருகில் மற்றவர் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எதைக் கையில் ஏந்தி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. ஒரு காலத்தில் துக்க வீட்டுக்குச் செல்வந்தர்கள் வெள்ளிக் கூடையிலும் பொற்கூடையிலும் உணவு கொண்டுபோனார்கள், ஏழைகள் தோல் உரித்த அலரி (வில்லோ) மரக் குச்சிகளால் முடைந்த கூடையில் கொண்டுபோனார்கள். ஏழைகள் கூசிப்போனதைக் கண்ட அறிஞர்கள், இனி எல்லோரும் அலரிக் கூடையிலேயே கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். ஏழையின் கூடையை உயர்த்தாமல் பணக்காரனின் கூடையை இறக்கியது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தலைவனைப் பற்றிய மூலக்கதையும் ஓர் இருக்கையைப் பற்றியதே. அமலேக்கியரோடு நடந்த போரில், மோசே கையை உயர்த்தி வைத்திருக்கும்வரை இஸ்ரவேலர் கை ஓங்கியது. அவர் கைகள் தளர்ந்தபோது ஒரு கல்லை எடுத்து அவருக்குக் கீழே வைத்தார்கள், அதன்மேல் உட்கார்ந்தார் என்கிறது பைபிளின் யாத்திராகமம். தல்மூத் இங்கே நின்று கேட்கிறது: மோசேக்கு ஒரு மெத்தையோ தலையணையோ கிடைக்கவில்லையா? மக்கள் துன்பத்தில் இருக்கையில் நானும் அவர்களோடு துன்பத்தில் இருப்பேன் என்று மோசே கல்லைத் தேர்ந்தார் என்பது அது தரும் பதில். அதே பகுதியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊர் துன்பப்படும்போது, "நான் என் வீட்டுக்குப் போய் உண்டு குடிப்பேன், என் உயிரே, நீ நலமாயிரு" என்று எவனும் சொல்லக்கூடாது. அப்படி விலகியவன் ஊருக்கு ஆறுதல் வரும் நாளைக் காணமாட்டான்.

ஆயினும் சட்டம் மட்டும் ஒருவரைப் பரிவுள்ளவராக்கும் என்று நான் வாதிட வரவில்லை. அப்படி ஆக்காது என்பதற்கான மிகக் கடுமையான சான்றை அந்த மரபே பாதுகாத்து வைத்திருக்கிறது. கோயில் அழிந்தபின் யாவ்னே நகரத்துக் கல்விக்கழகத்துக்குத் தலைவராக இருந்தவர் ரப்பன் கம்லியேல். உயர்குடியில் பிறந்தவர், சட்டத்தில் கரை கண்டவர், சிதறிப்போன மக்களை ஒரே நாட்காட்டியின் கீழ் வைத்திருக்கப் போராடியவர். அவரோடு கருத்து மாறுபட்டவர் ரபி யோசுவா. பாவநிவாரண நாள் எது என்பதில் யோசுவாவின் கணக்கு வேறாக இருந்தபோது, யோசுவாவின் கணக்குப்படி புனிதமான அந்த நாளிலேயே, அன்று எடுத்துச் செல்லக்கூடாத கைத்தடியும் பணமும் எடுத்துக்கொண்டு என்முன் வந்து நிற்க வேண்டும் என்று கம்லியேல் கட்டளையிட்டார். யோசுவா வந்தார். பின்னொரு நாள் இரவுத் தொழுகை கட்டாயமா, விருப்பமா என்ற விவாதத்தில், யோசுவாவை நிற்க வைத்துவிட்டுக் கம்லியேல் தாம் உட்கார்ந்தபடி பாடத்தைத் தொடர்ந்தார். கூட்டம் முணுமுணுத்தது. எத்தனை நாள்தான் இந்த மனிதரை வாட்டுவார் என்று கேட்டு, அன்றே கம்லியேலைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் நுழையக்கூடாது என்று அவர் நிறுத்தியிருந்த வாயிற்காவலனும் விலக்கப்பட்டான். அன்று உள்ளே வந்தவர்களுக்காகக் கூடுதலாகப் போட்ட பெஞ்சுகள் 400 என்று ஒருவரும் 700 என்று மற்றொருவரும் சொல்வதைத் தல்மூத் பதிவு செய்கிறது.

பதவி இழந்தவர் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போகிறார். உள்ளே நுழைந்ததும் சுவர்கள் கருமை படிந்திருப்பதைப் பார்க்கிறார். "உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தால் நீங்கள் கரித்தொழில் செய்பவர் என்று தெரிகிறது" என்கிறார். கரி சுடுபவரா, கொல்லரா என்று உரையில் இரண்டு விதமாகவும் உண்டு. தல்மூதின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூதின் வடிவத்தில் யோசுவா ஊசி செய்துகொண்டிருக்கிறார். யோசுவாவின் பதில் இது: "நீர் தலைவராக இருக்கும் தலைமுறைக்கு ஐயோ! கற்றவர்கள் படும் பாடு உமக்குத் தெரியாது, எதைச் செய்து பிழைக்கிறார்கள், எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்பது உமக்குத் தெரியாது."

என்னை நிற்க வைத்தீரே என்று அவர் கேட்கவில்லை. அத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் விவாதித்த மனிதரின் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று தெரியாமல் இருந்ததே குற்றமாகிறது. கம்லியேல் கொடியவராக இருந்திருந்தால் இந்தக் கதைக்குப் பெரிய மதிப்பில்லை. நல்லவர், நியாயவாதி, அந்த வீட்டுக்குள் போனதில்லை, அவ்வளவுதான். "மன்னித்துவிடுங்கள்" என்கிறார், யோசுவா காதில் வாங்கவில்லை. "என் தந்தையின் மரியாதைக்காகவாவது" என்கிறார், அப்போதுதான் சமாதானமாகிறார். அதன்பின் கம்லியேல் பதவியைத் திரும்பப் பெறுகிறார் என்றாலும், இடைக்காலத்தில் அமர்த்தப்பட்டவரோடு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு முதலாவதைவிடக் கடினமானது. துக்கத்தில் பங்கெடுப்பது தலைவருக்கு ஒருவகையில் எளிது, அவருடைய கம்பீரம் அங்கே குறைவதில்லை. மகிழ்ச்சியில் பங்கெடுக்கத் தம்மைக் கொஞ்சம் கோமாளியாக்கிக்கொள்ள வேண்டும். ரபி சாமுவேல் பார் ராவ் ஈசாக் என்ற முதியவர் மணப்பெண்ணின் முன்னால் மூன்று குச்சிகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடுவார். "கிழவர் நம் மானத்தை வாங்குகிறார்" என்றார் ரபி சேரா. அந்த முதியவர் இறந்தபோது அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒரு நெருப்புத் தூண் நின்றது என்கிறது கதை. ஒரு தலைமுறையில் ஓரிருவருக்கு மட்டுமே கிடைக்கும் சிறப்பு அது. அந்தக் குச்சிதான் அவருக்கு அதைத் தேடித்தந்தது என்று சேராவே ஒப்புக்கொண்டார். சவ ஊர்வலமும் மணமகள் ஊர்வலமும் எதிரெதிரே வந்தால் சவ ஊர்வலம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதும், அகிரிப்பா அரசன் ஒரு மணமகளுக்கு வழிவிட்டதை அறிஞர்கள் புகழ்ந்தார்கள் என்பதும் அதே பக்கத்தில் வருகின்றன. உங்கள் நண்பரின் ரபி காலையிலிருந்த மனநிலையோடு மாலையில் கல்யாணத்துக்குப் போய் ஓரமாக நின்றிருந்தால், தம் மனத்துக்கு உண்மையாக இருந்திருப்பார். அந்த மாப்பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? தொழில்முறைப் பழக்கம் என்ற ஐயத்தை முழுவதுமாக என்னால் போக்க முடியாது. சிலரிடம் அது பழக்கமாகவே இறுகிவிடும், அப்படிப்பட்டவர்களை எல்லா மதத்திலும் பார்க்கிறோம். ரொட்டியின் எந்தப் பக்கம் கருகியது என்று கேட்டவரை நான் அந்த வரிசையில் சேர்க்கமாட்டேன்.

தம் சொந்தத் துயரத்தைத் தலைவர் என்ன செய்வது என்பதையும் நீங்கள் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். வார்சாவில் பியாசெச்னோ ரபி என்று அறியப்பட்ட கலோனிமுஸ் கல்மான் ஷபிராவின் மகன் 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் காயமுற்று இறந்தார். அவர் இருந்த மருத்துவமனையின் வெளியே நின்றிருந்த மருமகளும் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் சாராளின் மரணத்தைப் பற்றிய வேதப்பகுதி வாராந்தர வாசிப்பின் முறைப்படி வந்தது. மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன செய்தி கேட்டே சாராளின் உயிர் பிரிந்தது என்பது பழைய விளக்கம். அதை எடுத்துக்கொண்ட ஷபிரா, அளவுக்கு மீறிய துன்பத்தை மனிதரால் தாங்க முடியாது என்று இறைவனுக்குக் காட்டவே சாராள் இறந்தாள் என்று பேசினார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டிய இடத்தில் நின்று, இதற்குமேல் இவர்களால் ஆகாது என்று மேலே பார்த்து முறையிட்டார். தம் மகனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை; கேட்டவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் புதைத்து வைக்கப்பட்ட அந்த உரைகள் போருக்குப்பின் கிடைத்தன. அவர் 1943 நவம்பரில் கொல்லப்பட்டார்.

கம்லியேலைப் பற்றி இன்னொன்று. அக்காலத்தில் இறந்தவருக்கு உடுத்தும் விலையுயர்ந்த ஆடையின் செலவு, மரணத்தைவிடப் பெரிய சுமையாக இருந்ததால், உறவினர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போவதும் நடந்தது என்று தல்மூத் சொல்கிறது. தம்மை எளிய நாரிழைத் துணியில் எடுத்துச் செல்லும்படி ரப்பன் கம்லியேல் என்பவர் சொல்லி வைத்தார். அதைப் பார்த்து மக்களும் அவ்வாறே செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் உண்டு என்றாலும், இவர் யாவ்னேயின் கம்லியேல்தான் என்று பலரும் கொள்கிறார்கள். உங்கள் நண்பரின் தாயாரையும் அப்படிப்பட்ட வெள்ளைத் துணியில்தான் கொண்டுபோயிருப்பார்கள்.